சீனரின் ஐவகை இயக்கமும் மூலிகை மருத்துவமும்

சீன நாட்டு மருந்துக் கடை ஒன்றினுள் நுழைவோர் கண்ணுக்கு முதலில் புலப்படுவது, சுவர் முழுவதையும் மறைத்து நிற்கும் மரப் பேழையே. அதில் சிறு சிறு இழுப்பறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் வேர், பட்டை, பூ, விதை, ஓடு, கல் என ஏதேனும் ஒரு மருந்துப் பொருள். மருத்துவர் எழுதித் தந்த சீட்டைப் பார்த்துக் கடைக்காரர் எட்டுப் பத்து அறைகளைத் திறந்து, கைத்தராசில் நிறுத்து, தாளில் மடித்துத் தருவார். இத்தனை நூறு பொருள்களுள் இந்த எட்டையோ பத்தையோ அம்மருத்துவர் எவ்வாறு தேர்ந்தார்? எதனை எதனோடு கூட்டுவது, எதனை விலக்குவது என்பதற்கு அவர் போடும் கணக்கு யாது? இவ்வினாவுக்குச் சீன மருத்துவ நூல்கள் தரும் விடைகளுள் தொன்மையும் புகழும் வாய்ந்த ஒன்றை இன்று உங்களுக்கு விளக்க முயல்கிறேன். அதுவே ஐவகை இயக்கக் கொள்கை.

இதனைச் சீனர் தம் மொழியில் ‘வூ சிங்’ என்பர். ‘வூ’ என்றால் ஐந்து. ‘சிங்’ என்பதற்கு நடத்தல், செல்லுதல் என்பது பொருள். அச்சொல்லைக் குறிக்கும் எழுத்தின் மிகப் பழைய வடிவம் நாற்சந்தி ஒன்றின் படமாகும். ஆதலின் ஐந்து பொருள்கள் என்று பெயர்ப்பதைக் காட்டிலும் ஐவகை இயக்கம் என்று கூறுதலே தகும். மரம், தீ, மண், உலோகம், நீர் என்பன அவற்றின் பெயர்கள்.

‘அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். அம்முறைப்படி, நாம் அறிந்த ஐம்பூதங்களிலிருந்தே தொடங்குவோம். நிலம், நீர், தீ, வளி, விசும்பு என்பன நம் ஐம்பூதங்கள். சீனரின் ஐந்தில் வளி இல்லை, விசும்பு இல்லை. அவற்றிற்கு ஈடாக மரமும் உலோகமும் உள்ளன. வேறுபாடு பெயர்களோடு நிற்கவில்லை. உலகப் பொருள்கள் எவற்றால் ஆயின என்று ஐம்பூதக் கொள்கை வினவுகிறது. உலகில் நிகழும் மாற்றங்கள் எந்த ஒழுங்கில் நிகழ்கின்றன என்று ஐவகை இயக்கக் கொள்கை வினவுகிறது. முளைத்து நீள்வது மர இயக்கம். சுடர்ந்து மேலெழுவது தீ இயக்கம். ஏற்று விளைவிப்பது மண் இயக்கம். இறுகி ஒடுங்குவது உலோக இயக்கம். கீழிறங்கிச் சேமித்து நிற்பது நீர் இயக்கம். ஓராண்டில் இளவேனில், கோடை, கோடையின் கடைசி, இலையுதிர் காலம், குளிர்காலம் என்பவை இவ்வரிசையிலேயே வருவதாகச் சீனர் கண்டனர்.

இவ்வைந்தும் தம்முள் இருவகை உறவு கொண்டவை. முதலாவது, பிறப்பிக்கும் உறவு. மரம் எரிந்து தீயாகிறது. தீயின் சாம்பல் மண்ணாகிறது. மண்ணின் வயிற்றில் உலோகம் பிறக்கிறது. இரவில் வெளியே வைத்த உலோகத் தட்டில் பனிநீர் கூடுகிறது. நீர் மரத்தை வளர்க்கிறது. இவ்வட்டத்தில் முன் நிற்பது தாய். பின் வருவது மகவு. இரண்டாவது, அடக்கும் உறவு. மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கிறது. மண் அணையாகி நீரைத் தடுக்கிறது. நீர் தீயை அவிக்கிறது. தீ உலோகத்தை உருக்குகிறது. உலோகக் கோடரி மரத்தை வெட்டுகிறது. பிறப்பிக்கும் உறவு மட்டுமே இருந்தால் ஒவ்வொன்றும் அளவின்றிப் பெருகும்; அடக்கும் உறவு மட்டுமே இருந்தால் எல்லாம் அழியும். இரண்டும் ஒருங்கே நிற்பதுதான் நலம். அவற்றின் சமநிலை குலைவதே நோய். இதுவே கொள்கையின் உயிர்நிலை.

இனி இதனை உடலோடு பொருத்துவோம். மரத்துக்குக் கல்லீரலும் பித்தப்பையும். தீக்கு இதயமும் சிறுகுடலும். மண்ணுக்கு மண்ணீரலும் இரைப்பையும். உலோகத்துக்கு நுரையீரலும் பெருங்குடலும். நீருக்குச் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் உரியன. உணர்ச்சிகளுள் சினம் மரத்துக்கும், மகிழ்ச்சி தீக்கும், ஓயாத சிந்தனை மண்ணுக்கும், துயரம் உலோகத்துக்கும், அச்சம் நீருக்கும் ஆம். நிறங்களுள் பசுமை, செம்மை, மஞ்சள், வெண்மை, கருமை என்பன அதே வரிசையில் அமையும். ஒன்றை மறவாதீர்கள். சீன மருத்துவர் ‘மண்ணீரல்’ என்னும்போது, அறுவை மருத்துவர் கையில் எடுத்துக் காட்டும் உறுப்பை மட்டும் குறிப்பதில்லை. உண்டதைச் செரித்து உடலெங்கும் ஊட்டும் தொழில் முழுவதையும் அப்பெயரால் சுட்டுகிறார். அவருடைய ‘சிறுநீரகம்’ வளர்ச்சி, எலும்பு, இனப்பெருக்கம் ஆகிய தொழில்களையும் உள்ளடக்கியது.

மூலிகைக்கு வருவோம். மருந்தையும் ஐவகை இயக்கத்தையும் இணைக்கும் பாலம் சுவை. புளிப்பு மரத்துக்கும், கசப்பு தீக்கும், இனிப்பு மண்ணுக்கும், கார்ப்பு உலோகத்துக்கும், உப்பு நீருக்கும் உரியவை. நம் சித்த மருத்துவத்தில் சுவைகள் ஆறு. சீனர் துவர்ப்பைப் புளிப்போடு சேர்த்து ஐந்தாகக் கொண்டனர். ஒவ்வொரு சுவைக்கும் ஒரு தொழில் உண்டு. புளிப்பு சுருக்கி நிறுத்தும். கசப்பு இறக்கும், உலர்த்தும். இனிப்பு ஊட்டும், தணிக்கும். கார்ப்பு கலைத்து வெளியேற்றும். உப்பு இறுகியதை இளக்கும். சுவையோடு மருந்தின் தன்மையையும் பார்ப்பர். அது தண்மை, குளிர்மை, இளவெம்மை, வெம்மை என நால்வகைப்படும். 365 மருந்துகளை மூன்று தரமாக வகுத்த ‘ஷென்னோங் பென்ட்சாவ் ஜிங்’ என்னும் பழைய மருந்து நூலிலேயே இந்த ஐஞ்சுவையும் நால்தன்மையும் கூறப்பட்டுள்ளன. சீன மூலிகைகளுள் ஒன்றன் பெயரே ‘வூ வெய் ட்சு’, அதாவது ஐஞ்சுவை விதை. அச்சிறு சிவப்புக் கனியின் தோலும் தசையும் இனிப்பும் புளிப்பும். பருப்பு கார்ப்பும் கசப்பும். எல்லாவற்றிலும் ஓர் உப்புச் சுவை கலந்திருக்கும் என்பர்.

மருந்தைப் பதப்படுத்தும் முறையிலும் இக்கொள்கை நுழைந்தது. ஒரு வேரைக் கல்லீரலுக்குச் செலுத்த வேண்டின் புளிக்காடியில் வறுப்பர். சிறுநீரகத்துக்குச் செலுத்த உப்புநீர் தெளித்து வறுப்பர். ஊட்டம் தர வேண்டின் தேனில் வறுப்பர். ஒரே வேர் மூன்று பக்குவத்தில் மூன்று இழுப்பறைகளில் இருக்கக்கூடும்.

கொள்கை மருந்துச் சீட்டாக மாறும் வகையை ஒரு மருத்துவரின் பணியைக் கொண்டு காட்டுவேன். சுங் அரச மரபுக் காலத்தில் வாழ்ந்த சியென் யீ குழந்தை மருத்துவத்தில் புகழ் பெற்றவர். அவருடைய முறைகள் 1119இல் நூலாகத் தொகுக்கப்பட்டன. வாய் பேசி நோயைச் சொல்ல இயலாத குழந்தைகளிடம் நாடி பார்ப்பதும் எளிதன்று. எனவே அவர் முகநிறத்தையும் நோய்க்குறிகளையும் ஐந்து உறுப்புகளின்கீழ் வகுத்துக்கொண்டார். அவர் மருந்துகளின் பெயர்களே ஒரு பாடத்திட்டம் போல் அமைந்தவை. கல்லீரல் வெப்பத்துக்குப் ‘பசுமை வடிக்கும் உருண்டை’. இதய வெப்பத்துக்குச் ‘செம்மை வழிநடத்தும் தூள்’. மண்ணீரல் வெப்பத்துக்கு ‘மஞ்சள் வடிக்கும் தூள்’. நுரையீரல் வெப்பத்துக்கு ‘வெண்மை வடிக்கும் தூள்’. ‘கருமை வடிக்கும்’ மருந்து மட்டும் இல்லை. சிறுநீரகம் வளர்ச்சியின் சேமிப்பறை. குழந்தையிடம் அச்சேமிப்பு மிகுதியாவது என்பதே இல்லை. எனவே அதை வடிக்கலாகாது, நிரப்பவே வேண்டும் என்று அவர் கருதினார். அதற்காக, பழைய எட்டுச் சரக்கு மருந்து ஒன்றிலிருந்து வெம்மை மிக்க இரண்டை நீக்கி, ஆறு சரக்கு உருண்டை ஒன்றை அமைத்தார். ‘லியூ வெய் டிஹுவாங்’ என்னும் அம்மருந்து இன்றும் சீன மருந்துக் கடைகளில் விற்பனையாகிறது.

‘வெண்மை வடிக்கும் தூளை’ச் சற்றே பிரித்துப் பார்ப்போம். அதில் முசுக்கட்டை மரத்தின் வேர்ப்பட்டையும் கோஜிச் செடியின் வேர்ப்பட்டையும் நுரையீரல் வெப்பத்தைத் தணிக்கும் சரக்குகள். அவற்றோடு அதிமதுர இனத்தைச் சேர்ந்த வேரும் அரிசியும் சேர்கின்றன. இருமல் மருந்தில் அரிசி எதற்கு? கணக்கு இதுதான்: நுரையீரல் உலோகம், உலோகத்தின் தாய் மண், அரிசியின் இனிப்பு மண்ணைக் காக்கும், தாய் நலமுற்றால் மகவு நலமுறும். வலிமை குன்றினால் தாயை ஊட்டுக, மிகுந்தால் மகவை வடிக்க என்னும் விதி, 81 ஐயங்களை எழுப்பி விடை கூறும் ‘நான்ஜிங்’ என்ற பழைய நூலில் உள்ளது. நாட்பட்ட இருமலும் பசியின்மையும் சேர்ந்து வரும்போது, இருமலை நேரே தாக்காமல் செரிமானத்தை வலுப்படுத்தும் சீன முறைக்கு ‘மண்ணைப் பேணி உலோகத்தைப் பிறப்பித்தல்’ என்றே பெயர்.

அடக்கும் உறவுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. மனக் கொதிப்பு உண்டான போதெல்லாம் வயிற்றில் வலியும் பேதியும் காணும் சிலரை நாம் அறிவோம். தேர்வு நாளன்று காலையில் மாணவர் பலரிடம் இதனை நான் கண்டதுண்டு. சினமும் கொதிப்பும் மரத்தின் பாற்பட்டவை. மரம் அளவு மீறி மண்ணை நெருக்கியது என்று சீன மருத்துவர் கூறுவார். அதற்கென அமைந்த நான்கு சரக்கு மருந்தொன்றில், புளிப்புச் சார்ந்த வெண்பியோனி வேர் மரத்தை மென்மையாக்கவும், இனிப்புச் சார்ந்த அட்ராக்டிலோடிஸ் கிழங்கு மண்ணை உரமாக்கவும் சேர்க்கப்படுகின்றன. மனமும் குடலும் ஒன்றையொன்று பாதிப்பதை இன்றைய மருத்துவமும் அறியும். அவ்வனுபவத்தைப் பழைய சீன மருத்துவர் தமக்குக் கிடைத்த சொற்களால் கூறினர்.

நிற்க. இத்துணை ஒழுங்கான கொள்கையைக் கேட்டவுடன் உள்ளம் மயங்குதல் இயல்பு. இந்த இடத்தில்தான் நாம் விழித்திருக்க வேண்டும். சீனர் மண் இயக்கத்துக்கு உரியதாகக் கூறும் உறுப்பு நம் மொழியில் மண்ணீரல். அப்பெயரிலேயே மண் இருக்கிறது! எவ்வளவு வியப்பான பொருத்தம் என்று தோன்றும். ஆனால் இது தற்செயல். நினைவில் வைத்துக்கொள்ள உதவுமே அன்றிச் சான்றாகாது. இவ்வாறே, உப்பை மிகுதியாக உண்போர்க்கு இரத்தக் குழாய் பழுதுறும் என்று ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்னும் முதன்மையான மருத்துவ நூல் கூறுகிறது. நீர் தீயை அடக்கும், உப்பு நீரின் சுவை, இரத்தக் குழாய் தீயைச் சார்ந்த இதயத்தின் ஆட்சி என்பது அதன் காரணம். மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. விடை பொருந்துகிறது. ஆயினும், கணக்கு வகுப்பில் விடை மட்டும் சரியாக வந்து வழி தவறியிருந்தால் நான் முழு மதிப்பெண் அளித்ததில்லை. அதே வழியில் சென்று தவறான விடை கண்ட இடங்களும் அந்நூலில் உண்டன்றோ?

வரலாறும் ஒரு பாடம் தருகிறது. 1973இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துயி என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து பட்டில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று 52 நோய்களுக்கு மருந்து கூறுகிறது. இருநூறுக்கு மேற்பட்ட மருந்துப் பொருள்கள் அதில் வருகின்றன. ஆனால் ஐவகை இயக்கக் கணக்கு அதில் இல்லை. மூலிகையின் பயனை மக்கள் முதலில் பட்டறிவால் கண்டனர். பின்னர் வந்த அறிஞர் அவ்வறிவை ஐந்து இழுப்பறைகளில் அடுக்கினர் என்பது இதனால் விளங்கும். ஏறத்தாழ கி.பி. 200இல் காய்ச்சல்களைப் பற்றி எழுதிய மாமருத்துவர் சாங் சோங்ஜிங் தம் நூலை ஆறு படிநிலைகளாக வகுத்தாரேயன்றி ஐந்தின்மேல் கட்டவில்லை. சீனர் தமக்குள்ளேயே இக்கொள்கையைக் கேள்விக்கு உட்படுத்தினர். 1923இல் அறிஞர் லியாங் சிசாவ் இதனை மூடநம்பிக்கையின் ஊற்று எனக் கண்டித்தார். அதற்கு முந்தைய ஆண்டில் மருத்துவர் யுன் தியெசியாவ், ஐந்தும் பருவ மாற்றத்தின் குறியீடுகளே என்று கூறி, மரபு மருத்துவத்துக்காக வாதாடியிருந்தார். 1929இல் பழைய மருத்துவத்தை ஒழிக்க அரசின் சுகாதாரக் குழு தீர்மானித்தபோது, மார்ச் 17ஆம் நாள் ஷாங்காயில் மரபு மருத்துவர் கூடி எதிர்த்தனர். அத்தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை.

இது வெறும் ஏட்டு விவாதம் அன்று, உயிர் சார்ந்தது. சியென் யீயின் ‘செம்மை வழிநடத்தும் தூளை’ மீண்டும் எடுத்துக்கொள்வோம். வாய்ப்புண்ணும் எரிச்சலோடு கூடிய சிறுநீரும் கண்ட குழந்தைக்கு, இதயத் தீயை அதன் துணை உறுப்பான சிறுகுடல் வழியே சிறுநீரில் இறக்குவது அம்மருந்தின் நோக்கம். அதன் சரக்குகளுள் ஒன்று ‘மு துங்’ என்னும் கொடித் தண்டு. பழைய நாளில் அது அக்கேபியா என்னும் கொடி. இருபதாம் நூற்றாண்டில் வடகிழக்குச் சீனத்தில் மலிவாகக் கிடைத்த வேறொரு கொடி அப்பெயரோடு சந்தையை நிரப்பியது. அது அரிஸ்டோலோகியா இனத்தது. கசப்பு, தண்மை, சிறுநீர் இறக்கும் தொழில் என ஏட்டில் எழுதிய குறிகள் அதற்கும் பொருந்தின. ஆனால் அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. 1964இலேயே, மு துங் மிகுதியாக உட்கொண்ட இருவரின் சிறுநீரகம் பழுதுற்ற செய்தி சீனத்தில் அச்சாயிற்று. அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காக மாத்திரை உண்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. ‘ஃபாங் சி’ என்ற பெயர் இரண்டு செடிகளுக்கும் வழங்கியதால், ஒன்றுக்கு மாற்றாக அரிஸ்டோலோகியா கலந்துவிட்டது. அவர்களுள் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. சீன அரசு 2003இல்தான் அந்த வடகிழக்குக் கொடியை விலக்கி, அக்கேபியாவையே பயன்படுத்த ஆணையிட்டது. தீயைத் தணிக்கக் கொடுத்த மருந்து நீரின் உறுப்பை அழித்தது. ஐந்தின் வட்டத்தை எத்தனை முறை சுற்றி வந்தாலும் இவ்வபாயம் புலப்பட்டிராது. செடியைச் சரியாக இனங்கண்ட தாவர நூலாரும், உண்டவர் உடலைத் தொடர்ந்து கண்காணித்த மருத்துவரும், நஞ்சைப் பிரித்தறிந்த வேதியியலாருமே அதனை வெளிப்படுத்தினர்.

இச்செய்தி நமக்கு அயலானது அன்று. நம் ஊர்ப் புறங்களில் வளரும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோகியா இனத்தவை. நெடுங்காலமாக வழங்கி வரும் பச்சிலை என்பதனால் மட்டும் ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. உடனே கடுக்கும் நஞ்சை முன்னோர் கண்டறிந்து விலக்கினர். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்தில் வெளிப்படும் நஞ்சைக் கண்டறிய அவர்களுக்குக் கருவி இல்லை.

பழைய நூல்களை எரித்துவிடலாமா எனின், அதுவும் பிழை. 1967இல் மலேரியா மருந்து தேடும் பெருந்திட்டம் ஒன்றைச் சீனம் தொடங்கியது. அதில் பணியாற்றிய அம்மையார் தூ யோயோ பழைய ஏடுகளைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் என்பவர், ‘சிங்ஹாவ்’ என்னும் பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறு பருகுமாறு எழுதியிருந்தார். பிற மூலிகைகளைக் காய்ச்சும்போது இதனை மட்டும் ஏன் பிழியச் சொன்னார் என்று அம்மையார் சிந்தித்தார். வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது போலும் என ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு சாரம் எடுத்தார். 1971இல் அச்சாரம் விலங்குகளின் மலேரியாவை முற்றும் ஒடுக்கியது. ஆர்ட்டெமிசினின் பிறந்த வரலாறு இது; 2015இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது. மருந்து நூல்கள் சிங்ஹாவைக் கசப்பு, தண்மை, கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் உரியது என்று வகுத்திருந்தன. அவ்வகுப்பு அது எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று காட்டியது. பட்டறிவிலிருந்து பிறந்த ஒரு செய்முறைக் குறிப்பும், அதனை ஆய்ந்து பார்த்த துணிவுமே மருந்தைத் தந்தன.

ஆகவே மாணவ நண்பர்களே, ஐவகை இயக்கக் கொள்கையை நான் ஒரு பேழைக்கு ஒப்பிடுவேன். பல நூறு மருந்துகளின் அறிவை மறவாமல் காத்து, தலைமுறைகளுக்குக் கைமாற்ற அது உதவியது. ஓர் உறுப்பின் துன்பத்தைத் தனியே நோக்காமல், உணவு, பருவம், உணர்ச்சி, பிற உறுப்புகள் ஆகியவற்றோடு சேர்த்து நோக்குமாறு மருத்துவரைப் பழக்கியது. இவை சிறு நன்மைகள் அல்ல. எனினும் பேழையின் அழகு உள்ளிருக்கும் சரக்கின் தரத்துக்குச் சான்று ஆகாது. எந்த நாட்டுப் பழமருத்துவத்தைக் கற்றாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இப்பெயருக்கு உரிய செடி உண்மையில் எது? இது பயன் தந்ததைச் சோதித்துப் பார்த்தவர் யார்? உண்டவர் ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து எவ்வாறு இருக்கின்றனர்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, ஏட்டில் படித்ததை நம்பித் தாமே மருந்துண்பதும் பிறர்க்குக் கொடுப்பதும் கூடா.

உங்களுள் சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் வேதியியலும் தாவரவியலும் கற்பீர்கள். பழைய மருந்துச் சீட்டொன்று கையில் கிடைத்தால், அதனை வணங்கி மூடி வைக்கவும் வேண்டா. நகைத்து எறியவும் வேண்டா. அமர்ந்து, வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு சரக்கையும் சோதித்துப் பாருங்கள். நம் நாட்டு ஏடுகளுள்ளும் அவ்வாறு படிக்கக் காத்திருப்பவை பல.